நோவும் மரபும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம்மவர் வாக்கு. பிறர் துன்பத்தை எளிதாக எண்ணிப் பேசுவோரின் வாயை அடக்க இதைவிடக் கூர்மையான பழமொழி நம்மிடம் இல்லை. ஆயினும் அண்மைக் காலமாக இதில் எனக்கு ஓர் ஐயம் எழுந்துள்ளது. தனக்கு வந்தால் தெரிந்துவிடுமா? தனக்கு வந்துபோன ஒரே காரணத்தால், பிறருடைய நோவை நம்ப மறுப்போரும் உண்டல்லவா? இந்த ஐயத்தை என்னுள் விதைத்தவர்கள் என் அப்பாயியும் அவருடைய தங்கையும் ஆவர்.

இருவருக்கும் அக்கி வந்தது. முதலில் வந்தது இளையவருக்கு. அப்போது அவருக்கு வயது 66. இடுப்பின் ஒரு பக்கத்தில் கச்சை கட்டியது போலக் கொப்புளங்கள் எழும்பின. ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுப் பெரியவர் வந்து காவியைக் குழைத்து அக்கி எழுதினார். நகரத்து மருத்துவரிடமும் காட்டினார்கள். மூன்று வாரத்தில் எல்லாம் உதிர்ந்து, தழும்பு மட்டும் எஞ்சியது. அடுத்த ஆண்டு அப்பாயிக்கு வந்தது. அவருக்கு 71. மார்புக்கூட்டின் இடப்பக்கம் அதே கொப்புளம், அதே காவி, அதே மருத்துவர். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் உதிரவில்லை. மூன்று ஆண்டுகள் கடந்தும் அது அங்கேயே குடியிருக்கிறது.

அந்த வலியின் தன்மையைச் சொல்லாவிடில் நான் எழுதுவது விளங்காது. அழுத்திப் பிடித்தால் அவருக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. புடவைத் தலைப்பு இலேசாக உரசினால் துடித்துப் போகிறார். மின்விசிறிக் காற்று பட்டால் அந்த இடம் தீப்பற்றியது போல் எரிகிறதாம். வெளியே பார்த்தால் தோலில் ஒன்றுமில்லை. பழைய தழும்பைத் தவிரக் காட்டுவதற்கு ஏதும் இல்லாத நோய்க்காரியை உலகம் எப்படி நம்பும்? "எனக்குந்தான் வந்துச்சு அக்கா. மூணு வாரத்துல எந்திரிச்சு களையெடுக்கப் போகலையா நான்?" என்பார் சின்ன அப்பாயி. அவர் கொடியவர் அல்லர். தம் உடம்பு சொன்னதை அப்படியே நம்புகிறார். அவ்வளவுதான். ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கு அந்தச் சொல்லே தீர்ப்பாகிவிட்டது. இருவருக்கும் ஒரே நோய், ஒருவர் எழுந்து நடமாடுகிறார், மற்றவர் படுத்திருக்கிறார். ஆகவே படுத்திருப்பவர் மிகைப்படுத்துகிறார்! எத்துணை எளிய தர்க்கம்!

இதில் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது ஒரு மாத்திரை அட்டை. மருத்துவர் எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின். மருந்துக் கடையில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறது" என்று சொல்லிவிட்டார். அன்றோடு வழக்கு முடிந்தது. அப்பாயி வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். "நோகுதுன்னு சொல்றதுக்கே வெக்கமா இருக்குடா" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

விலங்கியல் மாணவனாகிய எனக்கு இதற்கு விடை தேடும் எண்ணம் பிறந்தது எங்கள் செய்முறை வகுப்பில்தான். மரபியல் செய்முறையில் பி.டி.சி. தாள் என்ற ஒன்று உண்டு. பினைல் தயோகார்பமைடு என்னும் வேதிப்பொருளில் நனைத்து உலர்த்திய சிறு தாள். அதை நாக்கில் வைத்தவுடன் எங்களில் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்ப ஓடினர். சிலர், வெறுங்காகிதந்தானே என்று மென்றுகொண்டே நின்றனர். 1931இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் பாக்ஸ் என்னும் வேதியியலார் இப்பொருளைக் கையாண்டபோது தூள் காற்றில் பறந்ததாம். அருகிலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். பாக்சுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. அந்தச் சிறு சச்சரவிலிருந்து பிறந்ததே இந்தச் சோதனை. கசப்பு தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் ஒரு ஜீனைப் பொறுத்தது என்பது இன்று தெளிவாகிவிட்டது.

நாங்கள் பெயர்களை இரண்டு பத்தியாக எழுதி, விழுக்காடு கணக்கிட்டுப் பதிவேட்டில் ஒட்டினோம். கசக்கிறது என்று சொன்னவனைப் பார்த்து, "நடிக்காதேடா, எனக்குக் கசக்கவில்லையே" என்று வகுப்பில் எவரும் சொல்லவில்லை. நாக்குக்குக் கொடுத்த இந்த நியாயத்தை நரம்புக்கும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பேராசிரியரிடம் கேட்டேன். "கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், போய்ப் படி" என்றார். படித்தவற்றில் எனக்கு விளங்கியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நரம்பு வலி என்பது என்ன? காலில் முள் குத்தினால் வலிக்கிறது. அது நரம்பு கொண்டுவரும் செய்தி. அங்கே நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. நரம்பு வலியிலோ செய்தி கொண்டுவரும் நரம்பே பழுதுபட்டுப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது தானே அடிக்கும் அழைப்பு மணியைப் போன்றது அது. அக்கியில் நடப்பதும் இதுவே. சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி உடலை விட்டு முற்றிலும் நீங்குவதில்லை. முதுகுத்தண்டின் ஓரத்திலுள்ள நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையில் உடலின் காவல் தளரும்போது விழித்து, ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பாதியில் மட்டும் பட்டையாகத் தோன்றுகிறது. வருகிற வழியில் நரம்பைச் சிதைத்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு அச்சிதைவு அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. மூன்று மாதங்களுக்கு மேலும் வலி நீடித்தால் மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்பாயிக்கு வந்திருப்பது பெயருள்ள நோய் என்று தெரிந்தபோதே எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

ஒரே வகைக் காயம் பட்டவரில் சிலருக்கு மட்டும் ஏன் இப்படி? இந்தக் கேள்வி புதியதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சைலஸ் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர் குண்டடிபட்ட வீரர்களுக்குப் பிலடெல்பியாவில் சிகிச்சை அளித்தார். நரம்பில் அடிபட்டோர் பலர். அவர்களில் சிலருக்கு மட்டும், புண் ஆறிய பிறகும் கை நெருப்பாய் எரிந்தது. அவர்கள் எந்நேரமும் ஈரத்துணியைக் கையில் சுற்றியிருந்தனர். உலர்ந்த தரையில் நடந்தால் அந்த அதிர்வும் கையில் எரிகிறது என்று காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவரும் இருந்தனர். மிட்செல் இவர்களை நடிகர்கள் என்று தள்ளிவிடவில்லை. உட்கார்ந்து எழுதி வைத்தார். காரணந்தான் அவர் காலத்தில் கிட்டவில்லை.

காரணத்தின் முதல் நூலிழை எலிகளிடம் கிடைத்தது. ஜெருசலேமில் மார்ஷல் டெவோர் என்பவர் எலிகளின் பின்னங்காலுக்குச் செல்லும் நரம்பைத் துண்டித்துப் பார்த்தார். சில எலிகள் உணர்விழந்த அந்தக் காலைத் தாமே கடித்துக் குதறின. சில சும்மா இருந்தன. கடிப்பவற்றைக் கடிப்பவற்றோடும், கடிக்காதவற்றைக் கடிக்காதவற்றோடும் இணைசேர்த்து வந்தார். நம் ஊரில் பால்மாட்டுக்குக் கன்று தேர்ந்தெடுப்பதைப் போலத்தான். சில தலைமுறைகளில் இரண்டு வமிசங்கள் பிரிந்தன: ஒன்றில் பெரும்பாலும் கடிப்பவை, மற்றொன்றில் பெரும்பாலும் கடிக்காதவை. 1990இல் இது வெளியாயிற்று. கத்தி ஒன்று, வெட்டு ஒன்று, வளர்ப்பு ஒன்று. மாறியது குருதிவழி மட்டுமே. எலி நடிக்கிறது என்று எவரும் சொல்ல முடியாதல்லவா? வாயில்லாச் சீவனை இவ்வாறு துன்புறுத்தலாமா என்ற வினா எனக்கும் உண்டு. அதைத் தனியே ஒரு கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

மனிதரிடம் கதவைத் திறந்தவை இரண்டு நேரெதிர்க் குடும்பங்கள். இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும்.

சீனத்தில் ஒரு குடும்பம். அவர்களில் சிலருக்குச் சிறு வயது முதலே கால்களும் கைகளும் சிவந்து கொதிக்கும். வெயிலில் நடந்தாலோ, இளஞ்சூட்டில் இருந்தாலோ போதும். இந்நோயினர் பனிக்கட்டி நீரில் காலை வைத்துக்கொண்டே இருந்து தோல் அழுகிப் போவதும் உண்டு. இந்நோயையும் முதலில் விளக்கமாக எழுதியவர் மேலே சொன்ன மிட்செல்தான் (1878). 2004இல் சீன விஞ்ஞானிகள் இதன் காரணத்தைக் கண்டனர். இரண்டாம் குரோமோசோமில் எஸ்.சி.என்.9ஏ என்று ஒரு ஜீன் இருக்கிறது. வலி நரம்புகளின் சவ்விலுள்ள ஒரு சோடியம் வாயிலை உண்டாக்குவது அதன் வேலை. சோடியம் அயனிகள் அந்த வாயில் வழியாக உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் துடிப்பு கிளம்பும். அது ஒலிபெருக்கியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் போன்றது. ஏறத்தாழ 2,000 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சரத்தில் 858ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டும். ஒரு நோயாளியிடம் அங்கே ஹிஸ்டிடின் இருந்தது. இரண்டாயிரம் மணிகளில் ஒரே ஒரு மணி மாறியது. வாயில் எளிதில் திறந்துகொண்டு மூட மறந்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் கால் எரிந்தது.

மற்றொன்று வட பாகிஸ்தானில். அங்கே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தெருவில் வித்தை காட்டி வந்தான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணல்மேல் நடப்பான். அவனுக்கு வலியே தெரியாது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜெப்ரி வுட்ஸ் முதலானோர் அவனைப் பரிசோதிக்குமுன், பதினான்கு வயதளவில், நண்பர்களோடு விளையாடும்போது கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனோடு உறவுடைய மூன்று குடும்பங்களில் வலியறியாத பிள்ளைகள் அறுவர் இருந்தனர். அறுவருக்குமே உதட்டிலோ நாக்கிலோ தாமே கடித்துக்கொண்ட காயங்கள். தொடுவுணர்ச்சி உண்டு, சூடும் குளிரும் தெரியும், அறிவில் குறைவில்லை. வலி மட்டும் இல்லை. 2006இல் காரணம் வெளியாயிற்று: அதே எஸ்.சி.என்.9ஏ! சீனக் குடும்பத்தில் வாயில் மூட மறுத்தது. இங்கே வாயிலே உருவாகவில்லை. உறவுக்குள்ளேயே மணம் நடக்கும் குடும்பங்கள் அவை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான படிகள் இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தன. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்துகொள்ளும் நம் ஊரிலும் இக்கணக்குப் பொருந்தும் என்பதை விலங்கியல் மாணவர்க்கு நான் சொல்லத் தேவையில்லை.

வலியே இல்லாத வாழ்க்கை எத்துணை இன்பமானது என்று எண்ணுவோர் வேலூரை நினைத்துக்கொள்ள வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து வந்தார். விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமற் போவதால், சூட்டிலும் வெட்டிலும் அடியிலும் அவை சிறிது சிறிதாக அழிகின்றன என்று அவர் காட்டினார். பின்னாளில் செயற்கையாக வலியுணர்த்தும் கருவி ஒன்றைச் செய்யவும் முயன்றார். அது தொல்லை தந்தபோதெல்லாம் நோயாளிகள் அதை அணைத்துவிட்டார்களாம்!

இந்த இரு குடும்பங்களும் அரியவை. கோடியில் ஒன்று போன்றவை. என் அப்பாயிக்கு அத்தகைய மாற்றம் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அரிய நோய் காட்டிய அதே ஜீன் நாம் அன்றாடம் காணும் நோயிலும் தலைகாட்டியது. இந்தியாவில் 2021இல் நீரிழிவு நோயாளர் 10.1 கோடிப் பேர் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீடு. நீரிழிவு முற்றினால் பாத நரம்புகள் பழுதாகின்றன. சிலருக்கு இரவெல்லாம் பாதம் எரியும். சிலருக்கு மரத்துப்போகும், வலியே இராது. இரண்டுமே நரம்புச் சிதைவுதான். ஏன் இந்த வேறுபாடு? 2018இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஓர் ஆய்வில், வலியுள்ள நீரிழிவு நரம்புச் சிதைவினர் 111 பேரும், வலியில்லாதோர் 78 பேரும் சோதிக்கப்பட்டனர். வலியுள்ளவரில் 10 பேரிடம் அந்தச் சோடியம் வாயிலின் அரிய மாற்றங்கள் இருந்தன. வலியில்லாதோரில் ஒருவரிடமும் இல்லை. 111இல் 10 என்பது சிறு பங்குதான். எஞ்சிய 101 பேரின் எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பதும் இதே எண்களில் அடங்கியிருக்கிறது.

எஞ்சியோருக்கு ஒற்றை ஜீன் விடை சொல்லாது. பல ஜீன்கள் ஆளுக்குச் சிறிது சேர்கின்றன. இங்கிலாந்தில் இரட்டைப் பிறவிகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான கணக்கின்படி, நரம்பு வலி வருவதில் காணும் வேறுபாட்டில் 37 விழுக்காடு மரபைச் சார்ந்தது. இந்த எண்ணைப் பார்த்தவுடன், "ஒருவரின் வலியில் 37 விழுக்காடு பெற்றோர் தந்தது, மீதி தாமே தேடிக்கொண்டது" என்று பொருள் கொள்வது பெரும்பிழை. அந்த மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு மரபால் விளைந்தது என்பதே அதன் பொருள். தனி ஒருவரின் வலியை இப்படிக் கூறுபோட முடியாது. கேழ்வரகுக் களியில் மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கிண்டிய பிறகு பிரித்தெடுக்க முடியுமா?

தனித்தனி ஜீன்களைத் தேடிய கதையில் வெற்றியும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. ஜி.சி.எச்.1 என்னும் ஜீனின் ஒரு வகையைப் பெற்றவர்கள் முதுகுத்தண்டு வட்டு அறுவைக்குப் பின் குறைந்த வலியே அடைந்தார்கள் என்று 2006இல் அறிவித்தபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. பின்னர் வேறு நோயாளிகளிடம் தேடியவர்களில் சிலருக்கு அது கிட்டவில்லை. இத்தகைய ஏமாற்றங்களைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. "வலி ஜீன் கண்டுபிடிப்பு" என்ற தலைப்போடு அவற்றின் கடமை முடிந்துவிடுகிறது. அக்கிக்குப் பிந்திய வலியைப் பொறுத்தவரை, ஜப்பானிலும் கொரியாவிலும் மீண்டும் மீண்டும் ஒரே திசையைக் காட்டிய சான்று ஒன்று உண்டு. உடலின் காவற்படைக்கு அடையாளச் சீட்டுப் போன்ற எச்.எல்.ஏ. ஜீன்களில் ஒரு குறிப்பிட்ட தொகுதியைப் பெற்றவர்களுக்கு அவ்வலி நீடிக்கும் வாய்ப்பு மிகுதியாகக் காணப்பட்டது. கிருமியை எதிர்க்கும் விதமே ஆளுக்கு ஆள் மாறுவதால் நரம்பின் சிதைவும் மாறுகிறது போலும்.

"ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரிடம் மரபு வேற்றுமை எங்கிருந்து வரும்?" என்று என் சிற்றப்பா கேட்டார். நல்ல கேள்விதான். தாயிடம் 23 இணைக் குரோமோசோம்கள். ஒவ்வோர் இணையிலும் ஏதேனும் ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும். இரண்டை இருபத்துமூன்று முறை பெருக்கினால் 83,88,608. தந்தையிடமும் அவ்வாறே. குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் கணக்கு எல்லை கடந்துவிடும். நம் முன்னோர் எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதம் என்றார்கள். அது வேறு கணக்கு. எனினும் ஒரு தாயின் கருமுட்டையிலேயே அவ்வளவு பேதம் இருப்பதைக் கண்டு நான் வியந்துபோனேன். உடன்பிறந்தோர் மாறுபடும் ஜீன்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். மூக்கும் நிறமும் ஒத்திருப்பதைக் கண்டு நரம்பும் ஒத்திருக்கும் என்று எண்ணுவது வெளித்தோற்றத்தை நம்பி ஏமாறுவதாகும்.

எல்லாவற்றையும் மரபின் தலையில் சுமத்திவிட்டுக் கைகழுவவும் கூடாது. அக்கி வரும்போது வயது எவ்வளவு, முதலிலே கொப்புளமும் வலியும் எவ்வளவு கடுமை என்பவையும் பெரிதும் முடிவு செய்கின்றன. என் பாட்டியர் இருவருக்கும் நோய் கண்ட வயதில் ஐந்து ஆண்டு வேறுபாடு. மூத்தவருக்குக் கொப்புளமும் மிகுதி. எது எவ்வளவு என்று அவர்கள் விஷயத்தில் எந்த ஆய்வுக்கூடமும் சொல்லிவிடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் முதியோர் உள்ளவர்களுக்கு இது பயன்படும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் கிருமியை அடக்கும் மாத்திரை தொடங்குவது நல்லது என்பது மருத்துவ நெறி. காவி எழுதுவதோடு காத்திருந்தால் அந்த மூன்று நாள் ஓடிவிடும். 50 வயது கடந்தோர்க்கு அக்கியைத் தடுக்கும் ஊசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதன் விலையைக் கேட்டால்தான் நம் போன்றோர்க்குப் புது வலி தொடங்குகிறது.

அந்த மாத்திரை அட்டைக்கு வருகிறேன். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். அதில் பொய் இல்லை. ஆனால் மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகள் உண்டு. அவற்றுக்கு அம்மருந்து வலுவூட்டுகிறது. அதனால்தான் நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் அதைத் தருகிறார்கள். மனம் சரியில்லை என்று அதற்குப் பொருளில்லை. இதை மருந்துக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் மறுக்காமல் கேட்டுக்கொண்டார் என்பதை இங்கே நன்றியோடு குறிக்கிறேன்.

அந்த மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். வெற்று மாத்திரையினால் கிடைக்கும் ஆறுதலைக் கழித்துவிட்டால், இவ்வகை மருந்தை ஏறத்தாழ 4 பேருக்குக் கொடுத்தால்தான் ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. பிரிகாபலினை ஏறத்தாழ 8 பேருக்குக் கொடுக்க வேண்டும். இதிலும் மரபு நுழைகிறது. அமிட்ரிப்டிலினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலரிடம் மந்தம், சிலரிடம் மிகு வேகம். மந்தமானவர்களுக்குச் சிறு அளவே நாள் முழுவதும் தூங்கவைத்துவிடும்.

தூக்கத்தோடு போனால் பரவாயில்லை. உயிருக்கே உலை வைக்கும் இடமும் உண்டு. முகத்தில் மின்னல் வெட்டுவது போல் வரும் நரம்பு வலிக்குக் கார்பமசிபைன் என்ற மருந்து கைகண்டது. வலிப்பு நோய்க்கும் அதையே தருவர். வெகு சிலருக்கு மட்டும் அது தோலும் வாயும் வெந்து உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கும். 2004இல் தைவானில், அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 சீன வமிசத்தாரைச் சோதித்தபோது 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபுவகை இருந்தது. அதே மருந்தை உண்டு நலமாயிருந்த 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. அதன் பின், 2007இல், ஆசிய வமிசத்தார்க்கு இம்மருந்தைத் தொடங்குமுன் அந்த மரபுவகையைச் சோதிக்குமாறு அமெரிக்க அரசு எச்சரித்தது. சிங்கப்பூர் 2013இல் அச்சோதனையை வழக்கமான மருத்துவ நெறியாக்கியது. இந்தியரிடமும் இந்த மரபுவகை உண்டு. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் கார்பமசிபைன் எளிதாக இடம் பெறுகிறது. சோதனை பெரும்பாலும் இடம் பெறுவதில்லை.

மரபு ஆராய்ச்சியின் பெரிய பட்டியல்களில் நாம் இல்லை என்பதும் என் மனக்குறை. நாட்பட்ட வலியைப் பற்றி 2019இல் வெளியான பேராய்வு ஒன்றில் 3,80,000க்கும் மேற்பட்டோரின் ஜீன்களைப் பார்த்து, தொடர்புடைய 39 இடங்களைக் கண்டார்கள். அதில் கலந்துகொண்டோர் ஐரோப்பிய வமிசத்துப் பிரிட்டானியர். அவர்கள் நரம்பைக் கொண்டு நம் நரம்பை எவ்வளவு தூரம் அளக்கலாம் என்பது திறந்த வினாவாகவே நிற்கிறது. 10,000 இந்தியரின் முழு மரபுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. எங்களுக்குப் பின் இக்கல்லூரிக்கு வரும் மாணவர்களில் யாரேனும் அதில் கை வைப்பார்கள் என்று நம்புகிறேன்.

வலியறியாக் குடும்பங்களைக் கண்ட நாள் முதல் மருந்து நிறுவனங்கள் அந்தச் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்தைத் தேடிப் பெரும்பொருள் செலவிட்டன. அந்த வாயில் எளிதில் வசப்படவில்லை. அதன் உறவான வேறொரு சோடியம் வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவைக்குப் பின் வருவது போன்ற புதிய வலிக்கு மட்டுமே அந்த அனுமதி. நாட்பட்ட நரம்பு வலியில், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு, அதைச் சோதித்த முடிவு அதற்கு முந்திய மாதம் வெளியாகியிருந்தது. மருந்து உண்டோருக்கும் வெற்று மாத்திரை உண்டோருக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது.

ஒரே பெயருள்ள நோய் என்பதற்காக எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் இப்படித்தான் ஆகுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வாறு எண்ண இடம் தருவது டென்மார்க்கில் நடந்து 2014இல் வெளியான ஒரு சோதனை. அங்கே ஆக்ஸ்கார்பசிபைன் என்ற மருந்தைக் கொடுக்குமுன், நரம்பு வலி நோயாளிகளின் தோலைச் சூடு, குளிர், தொடுகை முதலியவற்றால் சோதித்து இரு வகையாகப் பிரித்துக்கொண்டார்கள். தொட்டால் துடிப்போர், அதாவது வலி நரம்புகள் அழியாமல் மிகையாய்க் கிளர்ந்திருப்போர், ஒரு வகை. உணர்ச்சி குன்றியோர் மறுவகை. முதல் வகையில் ஏறத்தாழ 4 பேருக்கு ஒருவர் பயன் பெற்றார். இரண்டாம் வகையில் 13 பேருக்கு ஒருவர். இரு வகையினர்க்கும் கொடுத்தது அதே மாத்திரைதான்.